ஸ்கேனர் காட்டினால் பார்ட் மாற்றிவிடலாமா?

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி எந்த உதிரிபாகத்தையும் நேரில் பார்ப்பதில்லை. வயர் வழியாக வந்து சேரும் மின்னழுத்தங்களை மட்டுமே அது படிக்கிறது. எல்லைச் சோதனைச் சாவடியில் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, லாரியின் சரக்கைத் திறந்து பார்க்காமல் அனுப்பும் ஆளின் நிலைதான் அதற்கும். வந்த அளவு நம்பும்படி இல்லையென்றால் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும். அந்தக் குறிப்புதான் பிழைக் குறியீடு. ஒர்க்‌ஷாப் பேச்சில் எரர் கோடு.

குமுளியிலும், மலையிறங்கினால் கூடலூரிலும் கம்பத்திலும், பரவலாக நம்பப்படுவது வேறு. ஸ்கேனரைச் சொருகினால் எந்தப் பார்ட் போயிற்று என்று காட்டிவிடும், காட்டியதை மாற்றினால் வண்டி சரியாகிவிடும் என்பதே அந்த நம்பிக்கை. வண்டிக்காரர், மெக்கானிக், ஸ்பேர் கடைக்காரர் மூவருக்கும் இதில் கருத்து வேற்றுமை இல்லை. மலிவான புளூடூத் கருவியும் ஒரு செல்போன் செயலியும் இருந்தால் யாரும் கோடு படிக்கலாம் என்றான பிறகு நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. அதன் பலன், நல்ல நிலையில் உள்ள சென்சார்கள் கழற்றி எறியப்படுவதும், பழுது இருந்த இடத்திலேயே இருப்பதும்தான்.

குறியீடுகள் எதற்காக வந்தன என்பதைப் பார்த்தாலே இந்த நம்பிக்கையின் கால் ஆடத் தொடங்கும். கலிஃபோர்னியாவின் காற்று மாசைக் குறைக்க, 1988 மாடல் வண்டிகளிலிருந்து வண்டிக்குள்ளேயே சுயசோதனை வேண்டும் என்று அங்கே விதி வந்தது. 1996இல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓ.பி.டி. 2 முறையும், பதினாறு முனைகள் கொண்ட ஒரே மாதிரி சாக்கெட்டும் கட்டாயமாயின. இந்தியாவில் பி.எஸ். 4 புகை விதிகளுடன் இந்தச் சுயசோதனையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6. இந்த விதிகள் எல்லாம் கணினியிடம் கேட்டது ஒன்றைத்தான்: புகையின் அளவு வரம்பை மீறிப் போகும் நிலை வந்தால் ஓட்டுபவருக்குச் சொல். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும்படி எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதனால் சொல்ல முடியாது. சென்சார், அதன் வயர், கப்ளர், எர்த், கணினியின் உள்சுற்று என ஐந்து இடங்களில் எங்கே கோளாறு இருந்தாலும் கணினிக்கு வந்து சேரும் அளவு ஒன்றாகவே இருக்கும்.

பி 0113 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் சுற்றில் அளவு அதிகம் என்பது அதன் விளக்கம். இதைப் படித்ததும் காற்று சூடாகிவிட்டது என்று நினைத்து ரேடியேட்டர் ஃபேனைப் பார்ப்பவர்களும் உண்டு. சென்சார் போய்விட்டது என்று புதிது வாங்கப் போகிறவர்கள் அதைவிட அதிகம். இங்கே அதிகமாக இருப்பது வோல்ட். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகைச் சென்சார் அது. வயர் அறுந்து போனால் தடை எல்லையற்றதாகி, கணினி அனுப்பும் 5 வோல்ட் அப்படியே நிற்கும். கணினியின் கணக்கில் அது கடுங்குளிர். ஸ்கேனரின் நேரடி அளவுகளைத் திறந்தால் காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். மார்கழி விடியற்காலையில் தேக்கடிப் படகுத் துறையில்கூட அப்படி ஒரு குளிரை யாரும் கண்டதில்லை. கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் போதும். அளவு மைனஸ் 40இலிருந்து நூறு டிகிரிக்கு மேல் தாவினால் வயரும் கணினியும் நலம், சென்சாரை மாற்றலாம். தாவவில்லையென்றால் புதுச் சென்சார் வாங்கும் காசு வீண். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பார்ட் வாங்குவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

அதிகமான சென்சார்களைக் கொன்ற குறியீடு பி 0171. எரிபொருள் கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று மிகுந்திருக்கிறது என்பது இதன் சாரம். இந்தச் செய்தி ஆக்ஸிஜன் சென்சாரிடமிருந்து வருவதால் ஆக்ஸிஜன் சென்சாரே குற்றவாளி ஆகிவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான சமயம் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. கலவையில் காற்று மிகுந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காகவே அதைக் கழற்றுகிறார்கள். சாதாரண வகைச் சென்சார் என்றால் சோதனை எளிது: எஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாயில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரை அடித்தால், அதன் அளவு 0.8 வோல்ட்டுக்கு மேல் சட்டென்று ஏற வேண்டும். ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் பழுது எங்கே? அதற்கான விடையும் ஸ்கேனரிலேயே இருக்கிறது, கோடு காட்டும் பக்கத்தில் இல்லை. கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டியிருக்கிறது என்று காட்டும் திருத்த அளவுகள் நேரடி அளவுகளின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் இருபதைத் தாண்டி, 2500 சுற்றுக்கு ஏற்றினால் குறைந்துவிட்டது என்றால், எங்கோ ஒரு குழாய் வழியாகக் கூடுதல் காற்று நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில் இழுக்கும்போது கூடிக்கொண்டே போனால், பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தேவையான அழுத்தம் கொடுக்கவில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் இந்த இரண்டாவது வகைப் பழுதைப் பிடிக்க அமைந்த சோதனைக்கூடம். கம்பத்துச் சமவெளியில் நாள் முழுக்க ஓட்டினாலும் வெளிப்படாதது இங்கே ஆறேழு கிலோமீட்டரில் வெளிப்படும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கணக்கு, உள்ளே வரும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பல, மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து காற்றைக் கணக்கிடுபவை. அவற்றில் குழாய் கிழிந்து காற்று நுழைந்தால் உள்ளழுத்தமும் கூடும், கணினி அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். கலவை அவ்வளவாகக் கெடாது, ஐடில்தான் ஏறி நிற்கும். ஆகவே அப்படிப்பட்ட காரில் பி 0171 வந்தால் கிழிந்த குழாயைத் தேடி அலைவதற்கு முன் பெட்ரோல் அழுத்தத்தையும், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால், கலவை சரியாக இருந்தாலும் சென்சாருக்கு ஆக்ஸிஜன் மிகுதியாகத் தெரியும். ஒரே கோடு, இரண்டு கார்கள், தேட வேண்டிய இடம் வெவ்வேறு.

குமுளிக்கே உரிய இன்னொரு குழப்பம் உயரத்தால் வருவது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கம்பம் சுமார் 400 மீட்டர். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் கம்பத்தில் ஏறக்குறைய 97, குமுளியில் 91. மேனிஃபோல்டு அழுத்தச் சென்சாரில் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய முதல் சோதனை, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. செயலியோடு வரும் பொது அட்டவணை 101 என்று சொல்லும். ஸ்கேனரில் 91 ஓடும். பத்து புள்ளி குறைகிறது, சென்சார் போச்சு என்ற முடிவுக்கு இங்கே வந்தால், புதிதாக வாங்கிப் போட்டதும் அதே 91ஐத்தான் காட்டும். காட்டவில்லையென்றால் அதுதான் கெட்டுப்போனது. குமுளியில் 101 காட்டும் சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஏறிவரும் டர்போ இல்லாத கார்களில் ‘இழுவை இல்லை’ என்ற புகாரும் பாதி இந்தக் கணக்குதான். காற்று பத்து சதவீதம் மெலிந்தால் எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். அதற்கு எந்தக் கோடும் வராது, எந்தப் பார்ட்டும் தீர்வாகாது.

ஒரே நேரத்தில் ஐந்தாறு குறியீடுகள் வரும் வண்டியில் நடப்பது இதைவிட மோசம். அழுத்தச் சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், ஏசி அழுத்தச் சென்சார் என்று வரிசையாகக் காட்டினால் மூன்றையும் மாற்றச் சொல்வார்கள். மூன்று சென்சார் ஒரே நாளில் சாவதில்லை. பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் இணைப்பு பொதுவாக ஓடுகிறது. அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், ஒரு வயர் உரசி பாடியில் பட்டாலும், மொத்த இணைப்பும் சரிந்து எல்லாமே தவறான அளவைக் கொடுக்கும். மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது வோல்ட் திரும்ப வருகிறதோ அங்கே பழுது. எதைக் கழற்றியும் வராவிட்டால் வயரிங்.

வயரிங்கைக் கடைசியாகப் பார்ப்பது இந்த மலைப்பகுதியில் தலைகீழ் வழக்கம். ஏலத்தோட்டக் குடியிருப்புகளிலும் ஹோம்ஸ்டே முற்றங்களிலும் இரவெல்லாம் நிற்கும் வண்டியில், சூடான எஞ்சினைத் தேடி எலி ஏறுவது எல்லாருக்கும் தெரியும். ஜூனில் தொடங்கும் பருவமழையும் மாதக்கணக்கில் நிற்கும் ஈரமும் கப்ளரின் செம்பு முனைகளைப் பச்சையாக்குகின்றன. எர்த் வயர் போல்ட்டில் துரு பிடித்தால் அந்த எர்த்தை நம்பியிருக்கும் எல்லாச் சென்சார்களின் அளவும் தடம் மாறும். செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பார்ட் நம்பர் கிடையாது. ஸ்பேர் கடையில் விற்காத பழுது என்பதாலோ என்னவோ, யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

மிஸ்ஸிங் பழுதில், அதாவது பி 0301 போன்றவற்றில், கணினி கொஞ்சம் நெருங்கி வருகிறது: எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுகிறது. ஏன் என்று சொல்வதில்லை. கிராங்க் தண்டின் வேகம் ஒரு கணம் தளர்வதை வைத்து அது ஊகிக்கிறது. காயில், பிளக், இன்ஜெக்டர், வால்வு எதுவும் காரணமாகலாம். தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டினால், குறியீடு 0302 ஆக நகர்ந்தால் காயில். நகராவிட்டால் காயிலைத் தவிர மற்றவை. இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் மிஸ்ஸிங்கோடு ஓடும் காரில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். சில மாதத்தில் பி 0420 வரும். அப்போது கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதிதும் அதே வழியில் போகும்.

டீசல் டாக்சிகளில் இந்தக் கதை இன்னும் விலை கூடியது. பி.எஸ். 6 டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்தால், வெளியேறும் புகையை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வண்டியே அதை எரித்துவிட வேண்டும். அதற்கு எஞ்சின் முழுச்சூட்டில் சிறிது நேரம் சீராக ஓட வேண்டும். குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து தேக்கடிக்கும் திரும்பவும் என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை. பி 2463 வந்ததும் வடிகட்டி போச்சு என்பது வழக்கமான தீர்ப்பு, அதுவோ வண்டியிலேயே விலை கூடிய பார்ட்களில் ஒன்று. இப்படிப்பட்ட வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. வராவிட்டால் கரி எரிப்பு தொடங்கவே தொடங்காது. மலையிறக்கத்தில் எஞ்சின் மேலும் குளிரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால், எரிக்கும் முயற்சி பாதியில் பாதியில் நின்று டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது என்று அறியலாம். சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் வரை ஆகும் ஒரு தெர்மோஸ்டாட்டைப் பார்க்காமல் வடிகட்டியை மாற்றுவதை வேறு எப்படிச் சொல்வதானாலும் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது.

எதிர்த் தரப்பின் வாதங்களில் வலுவானது அனுபவம். ஒரு குறிப்பிட்ட மாடலில் ஒரு குறிப்பிட்ட கோடு வந்தால் பெரும்பாலும் அந்தக் காயில்தான் என்று பல வண்டி பார்த்த மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. ஒரே பார்ட் ஒரே விதமாகத் தோற்கும் மாடல்கள் இருக்கின்றன. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு அந்த அனுபவம் மிக உதவும். ஆனால் அந்த அறிவைக் கொடுத்தது மெக்கானிக்கின் நினைவு, ஸ்கேனர் அன்று. அதை அந்த வண்டியில் சோதித்து உறுதி செய்யும் ஐந்து நிமிடத்தை அது மிச்சப்படுத்தித் தருவதும் இல்லை.

நேரமில்லை என்பது இரண்டாவது வாதம். கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கினால் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும் வண்டிகளின் வரிசையில், நின்றுபோன ஒன்றைப் பொறுமையாகச் சோதிக்க எங்கே நேரம் என்பார்கள். கணக்கு நேர்மாறானது. காயிலை மாற்றிப் போட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. தவறான பார்ட்டைத் தேனியிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வரவழைப்பதில் ஒரு நாள் போகும். மின்சாதன ஸ்பேர்களைத் திருப்பி எடுப்பதில்லை என்ற பலகை கடைகளில் சும்மா தொங்கவில்லை.

உண்மையான காரணம் பில்லில் இருக்கிறது. பார்ட்டுக்குக் காசு கேட்டால் வண்டிக்காரர் கொடுத்துவிடுவார், பெட்டியைக் கையில் பார்க்கிறார். ஒரு மணிநேரம் வயரிங்கைத் தேடி ஒரு துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தம் செய்ததற்குக் கூலி கேட்டால் ‘ஒண்ணும் மாத்தலையே’ என்பார். சோதனைக்குக் கூலி இல்லாத தொழிலில் யாரும் சோதிக்க மாட்டார்கள். இதில் மெக்கானிக்கைவிட வண்டிக்காரரின் பங்கு அதிகம்.

இன்னொரு காரணத்துக்கு வண்டிக்காரரும் மெக்கானிக்கும் பொறுப்பாக மாட்டார்கள். பி எழுத்தை அடுத்து வரும் இலக்கம் பூஜ்யமாக உள்ள குறியீடுகள் பொதுவானவை. அந்த இலக்கம் ஒன்றாக உள்ள பலவற்றின் பொருளும் சோதனை முறையும் தயாரித்த நிறுவனத்திடம்தான் இருக்கும். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தொகை மேல்முறையீட்டுக்குப் போனது. சுற்றுப்படம் கையில் இல்லாத மெக்கானிக் பார்ட்டை மாற்றிப் பார்ப்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனத்தின் ரகசியம் எதுவும் தேவையில்லை, ஒரு மல்டிமீட்டரும் பள்ளிக்கூட ஓம் விதியும் போதும்.

தோட்ட வேலையாட்களை ஏற்றி மலையேறிய பழைய கமாண்டர் ஜீப்புகளில் வளர்ந்த மூத்த மெக்கானிக்குகள் சிலர் நேரெதிர் முனைக்குப் போய், ஸ்கேனரே ஏமாற்று என்கிறார்கள். அதுவும் ஏற்கத்தக்கதன்று. புகையின் நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்துப் பழுது சொல்லும் அந்தக் காதும் கண்ணும் அருமையானவை. ஆனால் 5 வோல்ட் 4.2 ஆனதைக் காது கேட்காது. ஸ்கேனரின் நேரடி அளவுகள், அவர்கள் இத்தனை காலம் ஊகித்ததை எண்ணாகக் கொடுக்கின்றன. குறை கருவியில் இல்லை. அதில் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடுவதில் இருக்கிறது.

மூடுவதற்கு முன் அழிப்பதும் வழக்கம். கோடு படித்த கையோடு ‘கிளியர்’ கொடுத்துவிட்டு வண்டியை அனுப்புவது பெரும் தவறு. குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சூடு, சுமை, திருத்த அளவு என்ன என்ற பதிவு கணினியில் கூடவே இருக்கும். ஏற்றத்தில் வந்ததா, ஐடிலில் வந்ததா என்பதற்கு அதுவே சான்று. அழித்தால் அதுவும் போய்விடும். கணினி அதுவரை முடித்துவைத்த சுயசோதனைகளின் நிலையும் பூஜ்யத்துக்குத் திரும்பும். நம் ஊர்ப் புகைச் சான்றிதழ் சோதனை சைலன்சரில் வரும் புகையை மட்டும் அளக்கிறது என்பதால் இந்த அழிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை.

பழுது தீர்ந்ததா என்பதைக் குமுளியில் தவறான திசையில் சோதிக்கிறார்கள். வேலை முடிந்ததும் லோயர் கேம்ப் வரை இறங்கிப் பார்த்து, விளக்கு எரியவில்லை, சரியாகிவிட்டது என்கிறார்கள். இறக்கத்தில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும் வண்டிக்குக் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. சுமையும் இல்லை, கலவையும் இல்லை. எரிபொருள் பழுதோ மிஸ்ஸிங்கோ வெளிப்பட வழியே இல்லை. பெரும்பாலான குறியீடுகள், பழுது இரண்டு தனித்தனி ஓட்டங்களில் தெரிந்த பிறகுதான் விளக்கை ஏற்றும். முதல் ஓட்டத்தில் அது நிலுவைக் குறியீடாக மட்டும் நிற்கும். ஆகவே இறங்கியதோடு நில்லாமல் திரும்ப ஏற வேண்டும், முதலில் கோடு வந்தபோது பதிவான அதே வேகத்திலும் சுமையிலும் ஓட்ட வேண்டும், நிலுவைப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும், சுயசோதனைகள் முடிந்ததாகக் காட்ட வேண்டும். பழுதைத் தீர்த்துவிட்டுக் குறியீட்டை அழிக்காமலே விட்டாலும் பெரும்பாலும் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறியதும் விளக்கு தானே அணையும். பிறகு எஞ்சின் நாற்பது முறை குளிர்ந்து சூடேறியதும் குறியீடும் தானே நீங்கிவிடும்.